பிரேக் இல்லாத இருக்கை

2013 அக்டோபர் 15. ஆஸ்திரேலியாவில் இப்ஸ்விச் நகரத்தை ஒட்டி இருக்கும் குயின்ஸ்லாந்து ரேஸ்வே. அன்றைக்கு அங்கே பந்தயம் எதுவும் நடக்கவில்லை. போர்ஷே பந்தயக் கார் ஒன்றை 20 வயது இளைஞர் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஷான் எட்வர்ட்ஸ். பிரிட்டிஷ் பந்தய வீரர், வயது 26. துபாய் 24 மணி நேரப் பந்தயம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயம் இரண்டையும் அதே ஆண்டில் வென்றிருந்த அணிகளில் இருந்தவர். போர்ஷே சூப்பர்கப் சாம்பியன்ஷிப் கடைசிக் கட்டத்தை நெருங்கியிருந்தது. புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம். ஓடிக்கொண்டிருந்த கார் தடத்தைவிட்டு விலகிப் போய் டயர் தடுப்பில் மோதியது. ஓட்டிய இளைஞர் பலத்த காயங்களோடு பிழைத்துக்கொண்டார். எட்வர்ட்ஸ் பிழைக்கவில்லை.

அவருடைய அப்பா கை எட்வர்ட்ஸும் பந்தய வீரர்தான், ஃபார்முலா ஒன் ஓட்டியவர். 1976-ல் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் சக வீரர் நிக்கி லாவ்டாவின் கார் தீப்பிடித்து எரிந்தபோது, தன் காரை நிறுத்திவிட்டு ஓடி, மற்ற வீரர்களோடு சேர்ந்து லாவ்டாவை வெளியே இழுத்தவர். அந்தச் சம்பவம் இடம்பெறும் 'ரஷ்' படத்தில் அப்பாவின் வேடத்தில் நடித்தது மகன் ஷான். படம் திரைக்கு வந்த அடுத்த மாதமே இந்த விபத்து. அந்த ஆண்டின் சூப்பர்கப் பட்டம் நிக்கி தீமுக்குப் போனது. நூர்பர்க்ரிங்கில் எட்வர்ட்ஸோடு ஒரே காரில் ஜெயித்தவர் அவர்.

எத்தனையோ இரவுகள் மழையிலும் இருட்டிலும் 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியவரின் உயிர் போனது, ஸ்டியரிங் தன் கையில் இல்லாத ஒரு நாளில். ரேஸ் டிராக்கில் கற்றுக்கொடுப்பவர்கள் பலரும் தினமும் உட்காரும் இருக்கை அது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பந்தய விபத்துகள் தலைப்புச் செய்தியாகின்றன. பயிற்சி நாள் விபத்து உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

நம்மூர் டிரைவிங் ஸ்கூல் காரில் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும்போதுகூட, சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் ஒரு பிரேக் பெடல் இருக்கும். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன: பயிற்சிப் பள்ளியின் காரில் பயிற்றுநர் வண்டியைக் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் இரட்டைக் கட்டுப்பாடு வேண்டும். ரேஸ் டிராக்கில் வேகம் பத்து மடங்கு. அந்தப் பெடல் மட்டும் பெரும்பாலும் கிடையாது. ஏனென்றால், அங்கே ஓடுவது மாணவரின் சொந்தக் கார். இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்கு வாடகை பேசிய லம்போர்கினி. பயிற்றுநரிடம் இருப்பது குரல் ஒன்றுதான்.

குரல் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 55 மீட்டர் ஓடிவிடும். நேர்ச்சாலை முடிந்து ஒரு வளைவு வருகிறது. அதை 80-ல்தான் எடுக்க முடியும். நல்ல டயர், நல்ல பிரேக் என்றால் 200-லிருந்து 80-க்கு இறங்க ஏறக்குறைய 130 மீட்டர் வேண்டும். வளைவுக்கு 150 மீட்டர் இருக்கிறது என்று காட்டும் பலகையில் பிரேக் மிதிக்க வேண்டும் என்று காலையில் வகுப்பில் சொல்லியாகிவிட்டது. மாணவர் மிதிக்கவில்லை. மிதிக்கவில்லை என்பதைப் பயிற்றுநர் கவனித்து, வாய் திறந்து, ஹெல்மெட்டுக்குள் அது கேட்டு, மாணவரின் மூளை அதை வாங்கி, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற எப்படியும் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் 110 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 40 மீட்டர். முழுப் பலத்தோடு மிதித்தாலும் அந்த வளைவுக்குக் கார் போய்ச் சேரும்போது வேகம் 170-க்கு மேல்.

அதனால் நல்ல பயிற்றுநர் எதையும் நடந்த பிறகு சொல்வதில்லை. நடக்கப் போவதைச் சொல்கிறார். 150 மீட்டர் பலகையில் மிதிக்க வேண்டிய பிரேக்கை 250 மீட்டரிலேயே வாயால் மிதிக்கிறார். அவருடைய வாக்கியங்கள் ஒரே சொல்லில் முடிகின்றன: பிரேக். திருப்பு. பொறு. விடாதே. "இங்கே நீங்கள் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடித்திருக்கலாம்" என்று விளக்க ஆரம்பித்தால் அடுத்த இரண்டு வளைவு போய்விடும். விளக்கமெல்லாம் தடத்தை விட்டு வந்து, கார்கள் நிற்கும் இடமான பிட்டில். சத்தத்தில் குரல் கேட்காமல் போகலாம் என்பதால் கை சாடையும் உண்டு. ஹெல்மெட்டுக்குள் இன்டர்காமும் உண்டு. அந்த இன்டர்காமின் பேட்டரி தீர்ந்துவிட்டால் சுற்றை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதில் அனுபவசாலிகள் கறாராக இருப்பார்கள். வேறு ஆயுதமே இல்லாதவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அது.

குரல் எட்டாத இடங்களும் இருக்கின்றன. அவற்றில் மோசமானது இது. வளைவை விட்டு வெளியே வரும்போது காரின் இரண்டு சக்கரங்கள் தார் விளிம்பைத் தாண்டிப் புல்லில் இறங்குகின்றன. அதில் மட்டும் பெரிய ஆபத்து இல்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தளர்த்தி, புல்லிலேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டால் கார் தானாக அடங்கும். ஆனால், சாலையில் பத்து வருடம் ஓட்டிய பழக்கம் உடனே வண்டியைத் தாருக்குத் திருப்பச் சொல்கிறது. மாணவர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிறார். புல்லில் வழுக்கிக்கொண்டிருந்த முன் சக்கரங்கள் தாரைத் தொட்ட கணத்தில் பிடி கிடைத்துவிடுகிறது. கார் தடத்தைக் குறுக்கே வெட்டி எதிர்ப்பக்கச் சுவருக்குப் பாய்கிறது. பயிற்றுநருக்கு ஒரு சொல் சொல்லக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. அந்தச் சொல்லை அன்று காலை, கார் நின்றுகொண்டிருந்தபோதே சொல்லி, மாணவரைத் திருப்பிச் சொல்லவைத்து, கையால் செய்து காட்டவும் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுவிடுவது. விட்டவுடன் காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்கள் இலேசாகிப் பிடியை இழக்கின்றன. பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கிறது. எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷே 911 இந்த விஷயத்தில் பல தலைமுறைகளாகப் பெயர் வாங்கிய கார். பயம் வந்தால் காலை எடு என்று உடம்பு சொல்வதுதான் இங்கே விபத்துக்கு வழி. உடம்பின் இயல்புக்கு எதிராகக் கற்றுக்கொடுப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. அது ஒரு நாளில் படியும் பாடம் இல்லை. கார் முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அடிவரை மிதித்து அப்படியே இருக்க வேண்டும் என்பதையும் முதல் மணி நேரத்திலேயே மனப்பாடம் செய்யவைக்கிறார்கள்.

அப்படியானால் பயிற்றுநர் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். இதில் பயிற்றுநர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மெதுவான வேகத்தில் ஓர் அங்குலம் திருத்திக்கொடுப்பது பலரும் செய்வது. வேகத்தில் இரண்டு பேர் ஒரே சக்கரத்தை இரண்டு பக்கம் இழுத்தால் கார் யார் பேச்சையும் கேட்காது. பயந்துபோன மாணவரின் பிடி எவ்வளவு இறுகும் என்பது அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரேஸ் டிராக்கில் புதியவர்கள் வந்து இறங்கும் வழி இரண்டு. ஒன்று கிளப் வழி: போர்ஷே கிளப், பிஎம்டபிள்யூ கிளப் போன்றவை அமெரிக்கா முழுக்க வார இறுதிகளில் நடத்தும் பயிற்சி நாட்கள். வகுப்பு உண்டு, தரம் பிரித்த குழுக்கள் உண்டு, ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பயிற்றுநர் உண்டு. இரண்டாவது, பரிசு வழி: பிறந்த நாளுக்கு மனைவியோ நண்பர்களோ வாங்கித் தரும் சீட்டு. சூப்பர்காரில் சில சுற்றுகள் ஓட்டலாம். வாடிக்கையாளர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு காரைத் தொட்டுக்கூட இருக்கமாட்டார். சில நிமிட விளக்கம், ஹெல்மெட், உடனே தடம். பயிற்றுநருக்கோ நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர்.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஸ்பீட்வேயில் நடந்தது இந்த இரண்டாவது வகை. பிறந்த நாள் பரிசாகக் கிடைத்த சவாரியில் 24 வயது இளைஞர் லம்போர்கினி கலார்டோ ஓட்டினார். கட்டுப்பாடு போனது, கார் இரும்புத் தடுப்பு வேலியில் போய் மோதியது. பயணி பக்கத்தில் இருந்த 36 வயதுப் பயிற்றுநர் இறந்தார். அந்தத் தடம் 1990-களில் இண்டி கார் பந்தயத்துக்காக இடஞ்சுழியாக ஓடும்படி கட்டப்பட்டது. சூப்பர்கார் சவாரிகளையோ வலஞ்சுழியாக, எதிர்த் திசையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தடுப்பு வேலிகளும் அவற்றின் முனைகளும் எந்தத் திசையிலிருந்து கார் வரும் என்று கணித்து வைக்கப்படுபவை. ஒரு பக்கம் வந்து மோதினால் தாங்கி வழுக்கிவிடும் வேலி, மறுபக்கத்திலிருந்து வருபவருக்கு ஈட்டி முனை. திசையை மாற்றும் முடிவை எடுத்தவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். அதன் விலையைக் கொடுத்தவர் காருக்குள் இருந்தார். அந்தத் தடம் அதே ஆண்டு நிரந்தரமாக மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 2017 பிப்ரவரியில், லாஸ் வேகாஸ் பக்கம் இன்னொரு வாடகைத் தடத்தில் லம்போர்கினி அவென்டடார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. கனடாவிலிருந்து சுற்றுலா வந்தவரும் பயிற்றுநரும், இருவருமே இறந்தார்கள்.

கார்களின் பலம் கூடிக்கொண்டே போவதும் இந்த இருக்கையை இன்னும் ஆபத்தாக்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் போர்ஷே 911 எஸ்சி என்றால் 200 குதிரைத்திறனை ஒட்டித்தான். இன்றைய 911 ஜிடி3 500-ஐத் தாண்டிவிட்டது. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட், குடும்பத்தோடு கடைக்குப் போகும் கார், 1,020 குதிரைத்திறன். எடை இரண்டு டன்னுக்கு மேல். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பலத்தை அடைய ஓட்டுநர் பல வருடம் சின்னக் கார்களில் தேய வேண்டியிருந்தது. இப்போது வங்கிக் கடன் போதும். எலெக்ட்ரானிக் உதவிகள் மாணவரின் தவறுகளை மூடிவைக்கின்றன. கார் சத்தமில்லாமல் திருத்திக்கொடுத்ததைத் தன் திறமை என்று நம்பி, பிற்பகலில் அவர் அந்த உதவியை அணைக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

காரின் அடிவயிற்றில் இருக்கும் சில விஷயங்கள் இன்னும் சாதாரணமானவை. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பழையதில் அது 140 வரை இறங்கிவிடலாம். சாலையில் இது வாழ்நாளெல்லாம் தெரியவே தெரியாது. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் தகதகவென்று காயும்போது திரவம் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. பயிற்சி நாளுக்கு முன் சில மாதங்களுக்குள் திரவத்தை மாற்றிய அத்தாட்சியைக் கிளப்புகள் கேட்பது இதனால்தான். இந்த அத்தாட்சியைப் பார்க்காமல் காரில் ஏறும் பயிற்றுநரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

பாதுகாப்புப் பட்டையிலும் நியாயம் வேண்டும். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவில் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்தது மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்து. உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் பாய்வதால் வரும் முறிவு அது. அதைத் தடுக்கும் ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்பை ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவ்னிங்கும் 1980-களிலேயே உருவாக்கியிருந்தார்கள். ஆனால், அது வேலை செய்யத் தோள்களின் மேல் இரண்டு பக்கமும் வரும் பந்தயப் பட்டை வேண்டும். சாதாரணக் காரின் மூன்று முனைப் பட்டையில் அதனால் பயன் இல்லை. காருக்குச் செலவழிக்கும் மாணவர் தன் இருக்கைக்கு மட்டும் பந்தயப் பட்டை போட்டுக்கொண்டு, பயிற்றுநர் பக்கத்தைக் கம்பெனி பட்டையோடு விட்டுவிடக்கூடும். அதற்காகவே போர்ஷே கிளப் ஆஃப் அமெரிக்கா ஒரு விதி வைத்திருக்கிறது: ஓட்டுநருக்கு எந்தப் பாதுகாப்போ, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே பாதுகாப்பு. எல்லாத் தடங்களிலும் கேள்வி கேட்காமல் நடைமுறைக்கு வர வேண்டிய விதி இது.

கிளப் பயிற்றுநர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்குவதில்லை. சொல்லிக்கொடுத்தால் தங்கள் காரை இலவசமாக ஓட்டத் தடத்தில் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். பல மோட்டார் காப்பீடுகள் தடத்தில் நடப்பதை ஏற்பதில்லை. காலையில் வாசலில் எல்லோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்: என்ன நடந்தாலும் யார் மேலும் வழக்குப் போடமாட்டேன். அந்தக் காகிதம் எல்லாவற்றையும் மூடாது. கடுமையான அலட்சியத்தை முன்கூட்டியே எழுதிவாங்கித் தப்பிக்க முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007-ல் தீர்ப்புச் சொன்னது. அதே மாநிலத்தில் ஃபோன்டானா தடத்தில் 2005-ல் கிளப் நாள் ஒன்றில் போர்ஷே கரேரா ஜிடி சுவரில் மோதி ஓட்டியவரும் பயணியும் இறந்த வழக்கில், கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தும் சுமார் 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியிருந்தது. பணம் குடும்பத்துக்கு வந்தது, வர வேண்டியதுதான். ஆனால், இருக்கையில் உட்காரும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

சரி, அந்த இருக்கையில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டுமா? ஐரோப்பாவின் பழைய பந்தயப் பள்ளிகள் சிலவற்றில் அப்படி ஓர் இருக்கையே கிடையாது. பிரான்ஸின் வின்ஃபீல்டு பள்ளியில் கற்றுக்கொடுத்தது ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களில். பின்னாளில் ஃபார்முலா ஒன் சாம்பியனான அலான் புரோஸ்ட் அங்கே இருந்து வந்தவர். 1992-ல் கோயம்புத்தூரிலிருந்து போன பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனும் அங்கேதான் பயின்றார். மாணவர் தனியாக ஓட்டுவார்; ஆசிரியர் காருக்கு வெளியே நின்று பார்த்து, சுற்று முடிந்ததும் பேசுவார். முதலில் குறைந்த எஞ்சின் வேகம். அதில் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால்தான் மேலே அனுமதி. அமெரிக்காவில் 2015-ல் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) தொடங்கிய 'டிராக் நைட்' நிகழ்ச்சியிலும் பக்கத்து இருக்கைப் பயிற்றுநர் இல்லை. தொடக்கச் சுற்றுகளில் பழக்கமான ஒருவர் முன்னால் ஓட்ட, புதியவர்கள் அவர் போன வழியிலேயே பின்னால் போகிறார்கள். 2020-ல் கொரோனா வந்து, ஒரே காருக்குள் இரண்டு பேர் இருக்க முடியாதபோது பல கிளப்புகள் இதே முறைக்கும் ரேடியோவுக்கும் மாறின.

பக்கத்தில் உட்காருவதற்கும் வலுவான நியாயம் இருக்கிறது. அதை நான் தள்ளமாட்டேன். மாணவரின் கண் எங்கே பார்க்கிறது, விரல்கள் எப்படி இறுகுகின்றன, மூச்சை எப்போது பிடித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் வெளியிலிருந்து தெரியாது. பதற்றத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு நிதானமான குரல் இருப்பதே எத்தனையோ மோதல்களைத் தவிர்த்திருக்கும். தனியாக விடப்பட்ட புதியவர் தானும் மோதி, இன்னொருவரையும் மோதக்கூடும். ஆபத்தைப் பயிற்றுநரிடமிருந்து எடுத்து மாணவர் தலையில் போடுவது தீர்வாகாது.

என் கருத்து வரிசையைப் பற்றியது. முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே முகம் தெரியாத ஒருவரின் 500 குதிரைத்திறன் காரில் ஏறி நேர்ச்சாலைக்குப் போவதை நிறுத்த வேண்டும். முதலில் சுவர் இல்லாத திறந்தவெளி. தண்ணீர் தெளித்த தரையில் காரைச் சறுக்கவிட்டு, அடங்கவைத்துப் பழகட்டும். உச்ச பலத்தோடு பிரேக் மிதிப்பதை அங்கே செய்து காட்டட்டும். சாலையில் ஓட்டுபவர் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பெடலை முழுதாக மிதித்ததில்லை. பிறகு முன்னால் ஒருவர் வழிகாட்டப் பின்தொடரும் சுற்றுகள். சொன்னதைச் சொன்ன நொடியில் செய்கிறாரா என்பது இதற்குள் தெரிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார வேண்டும். பயிற்றுநருக்கும் பயிற்சி வேண்டும். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பந்தயத்தில் ஜெயித்ததை மட்டும் வைத்து ஒருவரை அந்த இருக்கையில் ஏற்றுவது அவருக்கும் செய்யும் அநியாயம்.

மாணவர் எந்த நேரத்தில் ஆபத்தானவர் என்று கேட்டால், முதல் சுற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்போது பயம் இருக்கிறது, காது திறந்திருக்கிறது. இரண்டாம் நாள் பிற்பகல்தான் கவலை. கொஞ்சம் வந்துவிட்டது, நண்பர்கள் பார்க்கிறார்கள், முன்னால் போகும் காரைத் தொட்டுவிடலாம் போலிருக்கிறது, உடம்பும் களைத்திருக்கிறது. பயிற்றுநரும் அதே நாளில் ஐந்தாறு முறை குலுங்கி, குமட்டலை அடக்கிக்கொண்டு, கவனம் மழுங்கி உட்கார்ந்திருப்பார். "போதும், பிட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல அவருக்குத் தயக்கம் வருகிறது. பணம் கட்டியவர் கோபித்துக்கொள்வார், ஏற்பாட்டாளர் முகம் சுளிப்பார், பயந்தாங்கொள்ளி என்ற பேர் வரும்.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும், கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்க்யூட்டிலும் பொதுமக்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து ஓட்டும் நாட்கள் பெருகுகின்றன. சாலையில் பறந்து அப்பாவிகளைக் கொல்வதைவிட அவர்கள் தடத்துக்கு வருவது ஆயிரம் மடங்கு மேல்; வரட்டும். வருபவர்களிடம் ஏற்பாட்டாளர்கள் கையெழுத்து வாங்கும் காகிதத்தில் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்கட்டும். பயிற்றுநர் எந்த நொடியில் நிறுத்தச் சொன்னாலும், காரணம் கேட்காமல், மாணவர் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதவருக்கு அன்றைய நாள் அத்தோடு முடிந்தது. அப்படி நிறுத்தச் சொன்ன பயிற்றுநரிடம் பணம் திருப்பித் தர வேண்டியிருந்ததே என்று யாரும் கணக்குக் கேட்கக் கூடாது.